வண்டிதான் நின்றது, நான் நிறுத்தவில்லை

புதிதாக டிரைவர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, வண்டி ஓட்டுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதை உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். என் காலத்து வண்டியும் இப்போது இல்லை. நான் சொல்ல வந்தது டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் உடம்பைப் பற்றி.

முப்பத்தோரு வருஷ சர்வீஸில் எனக்கு ஒரே ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதில் இருந்தது பொய். எழுதியவர்கள் தெரிந்து எழுதவில்லை. நான்தான் உண்மையைச் சொல்லவில்லை.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல் நடந்த சமயம். ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். டிப்போவில் வண்டி எடுக்கவே பயம். அவர்கள் கேட்டது சரியா தவறா என்று இங்கே பேச வரவில்லை. என் சொந்தத்திலேயே ரோட்டில் உட்கார்ந்தவர்களும் உண்டு, லத்தியோடு நின்றவர்களும் உண்டு.

அன்றைக்குக் காலையில் திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்துகொண்டிருந்தேன். கண்டக்டர் தனபால். என்னைவிட இரண்டு வயது சின்னவன். அதிகம் பேசமாட்டான், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான். தியாகதுருகத்தில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி, "ரோடு கிளியர், போய்க்கினே இருங்க" என்றார். நம்பிப் போனேன். இரண்டு மைல் தாண்டி ஒரு வளைவில் திரும்பினால் எதிரே கூட்டம். ஒரு பக்கம் மரம் விழுந்து கிடந்தது. இன்னொரு பக்கம் ஒரு வண்டி நுழையும் அளவு இடைவெளி. அந்த இடைவெளியில் நாலைந்து பேர் வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்தேன். முதல் கல் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடித் தூள் மடியில் கொட்டியது. பின்னால் பொம்பளைகள் அலறினார்கள். குழந்தைகள் வேறு. கூட்டத்தில் ஒருவன் கையில் மண்ணெண்ணெய் கேன் இருந்ததைப் பார்த்தேன். "நிறுத்தாதய்யா, கொளுத்திடுவானுங்க, ஓட்டு!" என்று வண்டிக்குள் பத்துக் குரல். தனபால் குரலும் அதில் இருந்தது: "ஓட்டுண்ணா!"

படுத்திருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். ஒருவன் மட்டும் எழவில்லை. மல்லாந்து கிடந்தவன் தலையைத் தூக்கி வண்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகத்தில் மீசை சரியாக அரும்பக்கூட இல்லை, பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பதற்றத்தில் கால் தவறவில்லை. பிரேக் என்று நினைத்து அதை மிதிக்கவில்லை. உள்ளே அறுபது பேர், வெளியே ஒருவன் என்று ஒரு நொடியில் என் மனசு முடிவெடுத்தது. கால் அதைச் செய்தது.

வண்டி உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. அடுத்த கணம் இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் நின்றுபோனது. டீசல் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது. பழைய வண்டிகளில் அப்படி அடிக்கடி ஆகும். முன் சக்கரத்துக்கும் அவன் இடுப்புக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. தலைவர் மாதிரி இருந்த ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்ல மனுசன்யா. உள்ள இருக்கிற ஜனத்த இறக்கி வுடுங்க. வண்டிய எவனும் தொடக் கூடாது" என்றார். யாரும் தொடவில்லை. கீழே கிடந்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோஷம் போட்டபடி போனார்கள். என் வண்டி ஆட்கள் நடந்தே கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்து, டிரைவர் ஒரு உயிரையும் அறுபது உயிரையும் காப்பாற்றினார் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. நிதானமாகச் செயல்பட்டு வண்டியை உரிய நேரத்தில் நிறுத்தியதற்காகப் பாராட்டு. டிப்போவில் எல்லோர் முன்னாலும் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். தனபாலும் தட்டினான்.

உடம்பு அதற்கு முந்தியே ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் எழுந்தபோது வலது தோள் காதுவரை ஏறி நின்றது. இறக்கினால் இறங்கும், கொஞ்ச நேரத்தில் தானாக ஏறிவிடும். தாடை இறுகி, சோறு மெல்லும்போது காதோரம் 'டிக்'கென்று சத்தம் வரும். மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடும், வயிற்றுக்கு இறங்காது. வலது கால்தான் மோசம். கெண்டைச்சதை கருங்கல் மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் தட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், எலும்பில் ஒன்றும் இல்லை என்றார். "மனசுல ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லிங்க" என்றேன்.

டிப்போவில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்கள். தவிர, எதனால் இப்படி ஆனது என்று யாராவது நோண்டுவார்கள். நான் செய்த இரண்டாவது தப்பு இது. முதல் தப்புக்காவது ஒரு நொடிதான் ஆனது. இதை ஐந்து மாதம், தினமும் காலையில் யூனிபார்ம் போடும்போதெல்லாம் செய்தேன்.

கலவரம் ஓய்ந்ததும் என்னையும் தனபாலையும் மலை லைனில் போட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலை. கல்வராயன் மலையில் அப்போது ரோடு குறுகல், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மலை ஜனங்கள் சாமை மூட்டை, மரவள்ளிக் கிழங்கு, கோழி எல்லாவற்றோடும் ஏறுவார்கள்.

ஒருநாள் காலை டிரிப். நாற்பதுக்கு மேல் ஆட்களோடு இறங்கி வந்துகொண்டிருந்தேன். முதல்நாள் நல்ல காற்றும் மழையும். ஒரு கொண்டை ஊசி வளைவு முடிந்து கொஞ்ச தூரம் சமமான ரோடு வரும். அங்கே லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துத் திரும்பினேன். எதிரே ஒரு மரம் சாய்ந்து பாதி ரோட்டை அடைத்திருந்தது. அதன் முன்னால் ஒரு ஆள் குனிந்து கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார்.

பிரேக்குக்குப் போக வேண்டிய கால் போகவில்லை. ஆக்ஸிலேட்டர் மேலேயே விறைத்துக்கொண்டது. நான் தூக்கப் பார்க்கிறேன், அது இன்னும் கீழே அழுத்துகிறது. என் கால் என்னுடையதாக இல்லை. இன்ஜின் கத்துகிறது. தனபால் விசிலை ஊதிக்கொண்டே இருக்கிறான். இந்தக் கால் வராது என்று எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. காலை விட்டுவிட்டேன். இன்ஜினை அணைத்தேன், கை பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து, வண்டியை மலைப் பக்கம் மோதவிட்டேன். பக்கவாட்டுத் தகரம் மண்சரிவில் உரசிக் கிழிந்துகொண்டே போய் நின்றது. வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளைப் போட்டுவிட்டு மரத்தின் மேலே தாவியிருந்தார். உள்ளே யாருக்கும் பெரிய அடியில்லை. மூட்டைகள் உருண்டு கிழங்கு சிதறிக் கிடந்தது.

என் கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இறுகிப்போயின. பிரிக்க முடியவில்லை. தனபால் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டான். என்னைக் கீழே இறக்கி ரோட்டோரம் பாறையில் சாய்த்து உட்கார வைத்தான். "பிரேக் புடிக்கல" என்றேன். முதலில் வந்த சொல் அதுதான். மறுபடியும் ஒரு பொய்.

அவன் என் முன்னால் குந்தி உட்கார்ந்தான். பயணிகள் காதில் விழாதபடி சொன்னான்.

"பிரேக்க நீங்க தொடவே இல்லண்ணா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

நான் வண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அன்னைக்கும் தொடல. தியாகதுருகம் தாண்டி. நீங்க மிதிச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

"தெரியுமா உனக்கு?"

"அன்னையிலேர்ந்து தெரியும். சொன்னா ஒடஞ்சி பூடுவீங்கன்னு வுட்டேன். சொல்லாம வுட்டதுலதான் ஒடஞ்சிக்கினு இருக்கீங்கன்னு இப்பதான் தெரியுது." விசிலை எடுத்துப் பார்த்தான். "என் கையில விசில் இருந்துச்சு. நிறுத்தச் சொல்லி ஒரு தடவ ஊதியிருக்கலாம். ஊதல. நானும்தான் ஓட்டுன்னு கத்துனேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் என் வலது கெண்டைச்சதை துடிக்க ஆரம்பித்தது. முதலில் அந்த இடம் மட்டும். பிறகு முழங்கால், தொடை, இடுப்பு. குளிர்ஜுரத்தில் போல உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. பல் அடித்துக்கொண்டது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. தனபால் பயந்துபோய் என் தோள்களை அமுக்கிப் பிடித்தான். மரவள்ளி மூட்டையோடு வந்த ஒரு மலைக்காரப் பெண், எங்கள் வயதுதான் இருக்கும், அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"புடிக்காதீங்க. சாமி வந்தா புடிக்கக் கூடாது. ஆடி முடிக்கட்டும்."

அவர்கள் அதைச் சாமி வந்ததாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, சீக்கிரம் வண்டியை எடு என்று கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.

எவ்வளவு நேரம் ஆடினேன் என்று தெரியாது. ஓய்ந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. தோள் இறங்கியிருந்தது. மூச்சு வயிறுவரை போனது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு மூச்சு. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

எல்லாம் நிசப்தமாகிவிட்டது. சத்தம் இல்லாமல் இல்லை. வெட்டுப்பட்ட மரத்தின் பச்சை வாசனை, சூடான இன்ஜின் ஆறும் சத்தம், ஒரு குழந்தை எதையோ கேட்டு நச்சரிப்பது, எல்லாம் இருந்தது. நடுவில் இருந்து பயந்துகொண்டும் கணக்குப் போட்டுக்கொண்டும் இருந்த 'நான்' மட்டும் இல்லை. அந்த நாற்பது பேரும், பாறையும், பள்ளத்தாக்கும் நானும் ஒரே மூச்சில் ஏறி இறங்குவது போல் இருந்தது. ரோட்டில் கிடந்தவன் முகம் வந்தது. ஐந்து மாதமாக அந்த முகம் வரும்போதெல்லாம் நான் கண்ணை இறுக்கிக்கொள்வேன். அன்றைக்கு இறுக்கவில்லை. பார்த்தேன். அவன் பயத்தையும் என் பயத்தையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதுவரை சாமி என்றால் எனக்கு வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பது, அவ்வளவுதான். அன்றைக்கு என்ன வந்தது என்று இன்றுவரை பெயர் வைக்கவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான்.

தனபால் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்தான். "தகரம்தான் போச்சு. வண்டி ஓடும்ணா. நீங்களும் தெளிஞ்சிட்டீங்க. மெதுவா இறக்கிடலாமா?"

கால் பஞ்சு மாதிரி இருந்தது. மனசில் ஒரு துளி பயமில்லை. ஓட்டியிருக்க முடியும், ஒருவேளை நன்றாகவே ஓட்டியிருப்பேன். மாட்டேன் என்றேன். மனசு அமைதியாக இருப்பது வேறு, நாற்பது பேரை மலையிலிருந்து இறக்கத் தகுதியோடு இருப்பது வேறு. அந்தக் கால் அரைமணி முன்னால் எனக்குக் கட்டுப்படாத கால். கீழே போன ஒரு ஜீப்பில் டிப்போவுக்குச் சொல்லி அனுப்பினோம். வேறு டிரைவர் வர நாலு மணி நேரம் ஆனது. பாதிப் பேர் நடந்தே இறங்கினார்கள். சிலர் திட்டினார்கள். திட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று பிற்பகலே கிளை மேலாளர் அறைக்குப் போனேன். கால் விறைத்ததைச் சொன்னேன். அது எங்கே ஆரம்பித்தது என்பதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"யோவ், வாயால சொன்னத நான் மறந்துடுவேன். எழுதிக் குடுத்தா ஆக்‌ஷன் எடுத்தே ஆவணும். வூட்ல கொழந்தைங்க இருக்குது இல்ல? காலு வலின்னு லீவு போடு. பாராட்டு கீராட்டெல்லாம் இப்ப எதுக்கு கௌர்ற?"

நல்லது நினைத்துத்தான் சொன்னார். எனக்கும் அதைப் பிடித்துக்கொள்ள ஆசையாக இருந்தது. அப்போது தோள் மெல்ல மேலே ஏறுவதை உணர்ந்தேன். உடம்பு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது. "காகிதம் குடுங்க சார்" என்றேன்.

விளக்கம் கேட்டார்கள், விசாரணை வைத்தார்கள். பாராட்டை ரத்து செய்தார்கள். ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டயர் கழற்றும் இடத்தில் போட்டார்கள். கை தட்டியவர்களில் சிலர் என்னோடு டீ குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். நடுக்கம் அதற்குப் பிறகும் நாலைந்து தடவை வந்தது. வந்தபோதெல்லாம் தடுக்காமல் விட்டேன். ஒவ்வொரு தடவையும் உடம்பில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. அவனிடம் சொல்ல வேண்டும்.

தனபால் விசாரித்துக் கண்டுபிடித்தான். பெயர் ஏழுமலை. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கரும்பு வெட்டும் கூலி வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகப் போனேன். கரும்புத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்தவன் என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தான். "டிரைவர் சார்தான? வாங்க வாங்க. உயிர் குடுத்த சாமி நீங்க" என்றான்.

"நான் நிறுத்தல ஏழுமல. வண்டியே நின்னுபோச்சு. நான் உன் மேல ஏத்தத்தான் மிதிச்சேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. கையில் கரும்பு வெட்டும் கத்தி இருந்தது.

"இன்னா சொல்ற?"

மறுபடியும் சொன்னேன்.

"என் கண்ணப் பாத்துக்கினே மிதிச்சியா?"

"ஆமா."

இரண்டடி முன்னால் வந்தான். கத்தி ஓங்கவில்லை, ஆனால் பிடி இறுகியது. சுற்றிலும் ஆள் உயரக் கரும்பு, அக்கம்பக்கம் யாருமில்லை. ஓடு என்றது உடம்பு. பாதம் தரையில் இருப்பதை உணர்ந்தேன். மூச்சை அடக்காமல் விட்டேன். அடித்தால் அடிக்கட்டும் என்ற வீரம் எதுவும் இல்லை. பயந்தேன், ஆனால் நின்றேன். அவன் என்னையே ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கத்தியை வரப்பில் குத்திவிட்டு அப்படியே உட்கார்ந்தான்.

"எழுந்திரிக்கத்தான் பாத்தேன்" என்றான். "கூடப் படுத்தவனுங்கல்லாம் ஓடிட்டானுங்க. எனக்கு காலு வரல. மூத்திரம் பூடுச்சு. அது தெரியாம தூக்கிக்கினு போய் மால போட்டானுங்க. இன்னிக்கும் கூட்டம்னா மேடையில ஏத்துறானுங்க, அசையாத கெடந்த வீரன்னு."

நானும் உட்கார்ந்தேன்.

"யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றான். "பஸ் சத்தம் கேட்டா கொடலு சுருட்டிக்குது. அன்னையிலேர்ந்து பஸ் ஏறல. கள்ளக்குறிச்சிக்கு சைக்கிள்லதான் போறேன்."

அவன் என்னை மன்னித்தானா என்று கேட்காதீர்கள். அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கிளம்பும்போது ஒரு கரும்பை வெட்டிக் கொடுத்தான்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் சர்டிபிகேட்டோடு எனக்கு வண்டி கொடுத்தார்கள். அதே திருக்கோவிலூர் ரோடு, அதே தனபால். இரண்டாவது வாரம் தியாகதுருகம் ஸ்டாப்பில் ஏழுமலை நின்றிருந்தான். ஏறவில்லை. மறுநாளும் நின்றான், ஏறவில்லை. மூன்றாம் நாள் படியில் ஒரு கால் வைத்தான், வைத்த கால் நடுங்கத் தொடங்கியது. கம்பியைப் பிடித்த கையும் நடுங்கியது. முன்னால் போகவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. "இன்னாய்யா, ஏறு இல்ல இறங்கு!" என்று உள்ளே சத்தம் போட்டார்கள். ஒருவர் இழுத்து மேலே ஏற்றக் கை நீட்டினார்.

"யாரும் தொடாதீங்க" என்றேன். இன்ஜினை அணைத்தேன். "ஏழுமல, அவசரம் இல்ல. நடுங்கட்டும்."

தனபால் விசிலை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். வண்டியில் பேச்சு குறைந்து, அடங்கி, முழுக்க நின்றது. ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு, வியர்த்து, ஆடி, கடைசியில் ஒரு நீண்ட மூச்சு விட்டான். அடுத்த காலைத் தூக்கி வைத்தான். எனக்குப் பின்னால் இருந்த சீட்டில் வந்து உட்கார்ந்தான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ஜன்னல் வழியாகக் கத்தினார். "பதினோரு நிமிசம் லேட்டு. இன்னா காரணம்னு எழுத?"

"ஒரு ஆள் ஏறினாரு சார்" என்றேன்.